தெருவுக்குக் கிழக்கு

அப்பா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு ஆகிறது. நினைவு நாளுக்கு வந்து, இலையில் உட்கார்ந்து சாப்பிட்டு, இந்த நினைவு மலரையும் கையில் வாங்கிக்கொண்ட உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் மூத்த மகளாகிய நான் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். படிக்கும்போது தலையை ஆட்டாதீர்கள். எங்கே தப்பு இருக்கிறது என்று பாருங்கள். அப்பாவுக்கு அதைவிடப் பெரிய மரியாதை கிடையாது.

குறிஞ்சிப்பாடிக்குப் பக்கத்துக் கிராமத்தில், மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போட்டுப் பிழைத்த குடும்பத்தில் நான்காவது பிள்ளையாக அப்பா பிறந்தார்கள். தாத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவர் கைநாட்டு வைத்த பாகப் பத்திரம் ஒன்றில் எங்கள் கிணறு அடுத்தவர் பக்கம் போய்விட்டது. அந்தப் பத்திரத்தைப் படித்துக் காட்டியவர் நெருங்கிய சொந்தம். சுற்றி நின்றவர்கள் அத்தனை பேரும் “சரிதான், சரிதான்” என்றார்களாம். ஏழு வயதுப் பிள்ளையாக அதைப் பார்த்துக்கொண்டிருந்த அப்பாவுக்கு அன்றிலிருந்து “சரி” என்ற சொல்லைக் கேட்டாலே சந்தேகம் வந்துவிடும்.

பள்ளிப் படிப்பு முடித்துச் சிதம்பரத்தில் ஒரு பத்திர எழுத்தரிடம் வேலைக்குச் சேர்ந்தார்கள். பிறகு சொந்தமாக உரிமம் வாங்கி, பதிவு அலுவலகத்துக்கு எதிரே தகரக் கொட்டகையில் மேஜை போட்டார்கள். ஒரு மனையின் நான்கு பக்கமும் என்ன இருக்கிறது என்று பத்திரத்தில் எழுதும் பகுதிக்குச் சக்குபந்தி என்று பெயர். அதில்தான் அப்பாவுக்குப் பெயர். “தெருவுக்குக் கிழக்கு” என்று எழுதினால் கிழக்கே தெரு இருக்கிறது என்று அர்த்தமில்லை. தெருவுக்குக் கிழக்கே நம் மனை இருக்கிறது என்று அர்த்தம். புதிதாக எழுத வருகிறவர்கள் இதில் தடுக்கி விழாமல் போனதில்லை.

எழுதி முடித்ததும், வாங்குகிறவரும் விற்கிறவரும் ஒத்துக்கொண்டாலும் அப்பா விடமாட்டார்கள். “அந்தத் தெருவுல உங்களுக்கு யாரோட பேச்சுவார்த்த இல்ல?” என்று கேட்பார்கள். அந்த ஆளைத் தேடிப் பிடித்துச் சக்குபந்தியை மட்டும் படித்துக் காட்டுவார்கள். “வேண்டியவனுக்கு எல்ல தெரியாதும்மா. சண்டக்காரன்தான் ஒரு சாண் கூட உடமாட்டான்” என்று எனக்குக் காரணம் சொல்வார்கள். எனக்கு மாப்பிள்ளை பார்த்தபோதும் இதே கதைதான். அவர்கள் வீட்டில் கோபித்துக்கொண்டு போயிருந்த சித்தப்பா ஒருவரைத் தேடிப்போய் விசாரித்தார்கள். அந்தச் சித்தப்பா வாயாலேயே நல்ல வார்த்தை வந்த பிறகுதான் தட்டு மாற்றினார்கள். இந்த விஷயம் என் கணவருக்கு இன்றுவரை தெரியாது. இப்போது படித்துத் தெரிந்துகொள்ளட்டும்.

அப்பாவின் மேஜைக்குப் பக்கத்து மேஜை ஒரு பாயுடையது. அவரும் பத்திர எழுத்தர். எங்கள் வீட்டில் அவருக்குப் “பக்கத்து மேஜை பாய்” என்றே பெயர். இரண்டு பேரும் முப்பது வருடம் ஒரு விஷயத்திலாவது ஒத்துப்போயிருப்பார்களா என்பது சந்தேகம். வெயில் ஜாஸ்தி என்று அப்பா சொன்னால், போன வருஷத்துக்கு இது குளிர்காலம் என்பார் பாய். இருந்தும் ஒருவர் எழுதியதை மற்றவரிடம் காட்டாமல் எந்தப் பத்திரமும் உள்ளே போகாது.

ஒரே ஒரு பத்திரம் அப்படிப் போனது. அது எங்கள் வீட்டுப் பத்திரம்.

சிதம்பரம் எல்லையில் ஸ்ரீமுஷ்ணத்து அம்மாள் ஒருவருடைய குடும்ப நிலம் மனையாகப் பிரிந்தபோது அப்பா ஒரு மனை வாங்கினார்கள். தெருவின் இரண்டு பக்கமும் அவர்களுடைய நிலம்தான். இரண்டுக்கும் ஒரே சர்வே எண். வாழ்நாளில் முதல் சொந்த இடம். அப்பா தானே உட்கார்ந்து எழுதி, கூடத்தில் எங்களை உட்காரவைத்துப் படித்துக் காட்டினார்கள். அம்மா சரி என்றார்கள். தாய்மாமா சரி என்றார். பத்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த நான் நகலைக் கையில் வைத்துக்கொண்டு, “சரியா இருக்குப்பா” என்றேன். அந்த மாதம் பாயோடு அப்பாவுக்குப் பேச்சு இல்லை. ஊராருக்கெல்லாம் சண்டைக்காரனைத் தேடிய மனிதர் தன் சண்டைக்காரரிடம் மட்டும் போகவில்லை.

பிறகு இருபது வருடம் அந்த வீட்டில் இருந்தோம். மூன்றரை ஆண்டுகளுக்கு முன் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. ஒரே ஒரு சொல் மட்டும் மிஞ்சியது. அது “சரி.” சாப்பிடுகிறீர்களா என்றால் சரி. வேண்டாமா என்றால் அதற்கும் சரி. எந்தச் சொல்லை ஆயுள் முழுக்க நம்பவில்லையோ அதையே கடவுள் வாயில் வைத்துவிட்டார். எனக்கு அந்தக் கடவுள்மேல் இன்னும் கோபம் தீரவில்லை.

அப்பாவையும் அம்மாவையும் திருப்பாதிரிப்புலியூரில் என் வீட்டுக்கு அழைத்து வந்தேன். பத்திரத்தையும் கொண்டுவந்து பீரோவில் வைத்துப் பூட்டினேன். இரண்டு வருடம் அப்படியே போனது. பிறகு பாய் ஞாயிற்றுக்கிழமைதோறும் சிதம்பரத்திலிருந்து ரயிலேறி வரத் தொடங்கினார். ஒரு பை கொய்யாப் பழம் கொண்டுவருவார். அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சண்டை பிடிப்பார். பதில் சொல்ல முடியாத மனிதரிடம் என்ன சண்டை என்று எனக்கு எரிச்சலாக இருக்கும். போகும்போது மெதுவாக, “பாப்பா, அந்த அசல் பத்திரத்த ஒருக்கா காட்டேன்” என்பார்.

எதற்கு என்றால் சொல்லமாட்டார். “சும்மாதான்” என்பார். பத்திர எழுத்தர் சும்மா பத்திரம் கேட்பாரா? அதே சமயம் தாய்மாமா போனில் ஒரு சேதி சொன்னார். “ஒங்க எதிர்வீடு விலைக்கு வந்திருக்கு. பாய்தான் பத்திரம் எழுதுறாராம். அடுத்தது ஒங்க வீடுதான். பத்திரத்தக் கண்ணால கூட காட்டாத.” வேறு சில சொந்தக்காரர்கள் பாயை நம்பக்கூடாது என்பதற்கு இன்னொரு காரணமும் சொன்னார்கள். அதை இங்கே எழுதினால் மலர் அழுக்காகிவிடும். சொன்னவர்கள் இதைப் படிப்பார்கள். நான் அப்போது அவர்களை எதிர்த்துப் பேசவில்லை என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

எனக்குச் சந்தேகம் முற்றிவிட்டது. பத்திரத்தைப் பீரோவிலிருந்து எடுத்து அரிசி டிரம்முக்குள் போட்டேன். அந்த வீடு போனால் அம்மாவுக்கு வேறு நிழல் இல்லை. பாய் கொடுத்த கொய்யாவைக்கூடக் கழுவிக் கழுவிப் பார்த்தேன் என்றால் என் புத்தியைத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பாய் வருவதற்கு முன்பே அப்பாவிடம் கேட்டேன். “பாய்கிட்ட பத்திரத்தக் காட்ட வேணாம்தானப்பா?”

“சரி” என்றார்கள் அப்பா.

பாய் வந்து கேட்டதும், “அப்பாவே வேணாம்னுட்டாங்க” என்று முகத்தில் அடித்தாற்போலச் சொன்னேன்.

“என்னா சொன்னாரு?”

“சரின்னாங்க.”

பாய் சிரித்தார். “ஒங்கப்பா ஒருத்தர நம்பி சரின்னு சொன்னத நான் பாத்ததே இல்ல பாப்பா.” பிறகு சிரிப்பு நின்றது. கட்டில் பக்கம் திரும்பினார். “யோவ், இத ஒன் எதிர்ல சொல்ல வேணாம்னுதான்யா ஆறு வாரமா அலையிறேன். எதிர்வீட்டுக்கு வில்லங்கச் சான்று போட்டுப் பாத்தேன். அந்த மனையில ஒன் பேரு நிக்கிது. ஆபீஸ்காரன் தப்பா, ஒன் தப்பா தெரியல. ஊருக்கெல்லாம் சக்குபந்தி எழுதினியே, ஒன் வீட்டுக்கு ஒழுங்கா எழுதினியா?”

அப்பாவின் முகம் சிவந்துவிட்டது. “சரி! சரி! சரி!” என்று கத்தினார்கள். நல்ல கையால் கட்டில் சட்டத்தைத் தட்டி, என்னைக் காட்டி, பீரோவைக் காட்டினார்கள். வாழ்க்கையில் அப்படித் தெளிவான உத்தரவை நான் கேட்டதில்லை. அரிசி டிரம்மிலிருந்து பத்திரத்தை எடுத்து வந்தேன். பாய் அதைத் தொடவில்லை. “நீ படிம்மா. சக்குபந்தி மட்டும் படி. சத்தமா படி” என்றார்.

படித்தேன். தென்வடல் தெருவுக்கு மேற்கு என்று இருந்தது.

எங்கள் வீடு தெற்கு வடக்காகப் போகும் அந்தத் தெருவுக்குக் கிழக்கே இருக்கிறது. அரசாங்கக் கணக்குப்படி இருபது வருடமாக நாங்கள் எதிர்வீட்டில் குடியிருந்திருக்கிறோம். அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு தலையை இடமும் வலமுமாக மெதுவாக ஆட்டினார்கள். பக்கவாதத்துக்குப் பிறகு அவர்கள் சொன்ன முதல் “இல்லை” அது. நான் அழுதுவிட்டேன். அந்த வரியை அன்றைக்கே பார்த்து, சரி என்று சொன்னவள் நான்தானே.

“இன்னிக்கி எதிர்வீட்ட வாங்க வந்தவரு நல்ல மனுஷன்” என்றார் பாய். “நாளைக்கி வர்றவன் எப்புடி இருப்பானோ? எழுதிக் குடுத்த அம்மா இருக்கும்போதே திருத்திப்புடணும். அவுங்களுக்கும் வயசாயிடிச்சி.”

பிழைத்திருத்தல் பத்திரத்துக்கு விற்றவர் கையெழுத்து வேண்டும். பாய் இரண்டு முறை ஸ்ரீமுஷ்ணம் போனார். அந்த அம்மாளின் பிள்ளைகளுக்கு எங்கள்மேல் சந்தேகம். முடிந்துபோன பத்திரத்தில் இப்போது எதற்குக் கையெழுத்து என்று கதவைச் சாத்திவிட்டார்கள். என்னால் அவர்கள்மேல் கோபப்பட முடியவில்லை. மூன்றாவது முறை நானே போனேன். “நீங்க சந்தேகப்படுறது நியாயம். ஒங்களுக்கு வேண்டாத வக்கீல் யார்னா இருந்தா அவருகிட்ட காட்டிக் கேளுங்க” என்று வரைவைக் கொடுத்துவிட்டு வந்தேன். ஒரு வாரத்தில் அந்த அம்மாளைக் காரில் அவர்களே அழைத்து வந்தார்கள்.

அப்பாவையும் காரில் சிதம்பரம் கொண்டுபோனோம். ஆயிரக்கணக்கான பத்திரம் எழுதிய கையால் பேனா பிடிக்க முடியவில்லை. தாத்தாவைப் போலவே அப்பாவும் கைநாட்டு வைத்தார்கள். ஆனால் அதற்கு முன்பு பாய் எதிர்வீட்டுக்காரரை வரவழைத்துச் சக்குபந்தியைப் படித்துக் காட்டினார். சாக்கடைத் தண்ணீர் விஷயத்தில் எங்களோடு நான்கு வருடம் முகம் கொடுத்துப் பேசாதவர் அவர். இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, “தெருவுக்குக் கெழக்கு. இப்பதான் ஒழுங்கா இருக்கு” என்றார். அதன் பிறகே அப்பா விரலை நீட்டினார்கள். நாற்பது நாள் கழித்து, ஒரு விடியற்காலையில், அம்மா கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு அப்பா அமைதியாகப் போய்ச் சேர்ந்தார்கள்.

துக்கத்தில் தோள் கொடுத்த எல்லோருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அப்பாவை இரண்டு வருடம் கைத்தாங்கலாக நடத்திய செவிலிப் பெண்ணுக்கு நன்றி. ஸ்ரீமுஷ்ணத்து அம்மாளுக்கும், கதவைச் சாத்திப் பிறகு திறந்த அவர்கள் பிள்ளைகளுக்கும் நன்றி. எதிர்வீட்டுக்காரருக்கு நன்றி; சாக்கடை விஷயம் அப்படியே இருக்கிறது. எங்களோடு ஒத்துப்போய்த் தலையாட்டிய சொந்தங்களுக்கும் நன்றி. அன்பால்தான் ஆட்டினீர்கள். நானும் அப்படித்தான் ஆட்டினேன்.

பக்கத்து மேஜை பாய்க்கு நன்றி சொன்னால் அதற்கும் மறுத்துப் பேசுவார் என்று நினைத்து, அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் இந்தக் கட்டுரையை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனேன். அப்பாவின் மேஜையில் இன்னும் யாரும் உட்காரவில்லை. பாய் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைசிவரை படித்தார். பிறகு மடித்துக் கொடுத்து, “சரியா இருக்கும்மா” என்றார்.

எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. “என்னா பாய், ஒரு தப்பு கூடவா இல்ல?”

“எதுத்துப் பேசுனா பதில் பேச அங்க ஆளு இல்லியே.”

“நான் இருக்கேன்ல? ‘அப்பா கோபமே படாதவர்’னு மொத பாராவுல எழுதியிருக்கேன். அதுவும் சரியா?”

பாய் காலி மேஜையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். காகிதத்தைத் திரும்ப வாங்கினார்.

“பொய்யி. அடிச்சிடு” என்றார்.

அடித்துவிட்டேன்.