மூன்று வேலை கையில் இருக்கிறதாம்

நான் பதினொரு வருஷம் சட்டைக் காலர் தைத்த கார்மென்ட் ஃபெக்டரியை மூடிவிட்டார்கள். அன்று எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. பிறகு ஒரு கேள்வி வந்தது. வேலை போனவளுக்கு இந்த நாட்டில் யார் என்ன தருவார்கள்?

விசாரித்தேன். வேலை போனதற்கென்று தனியாக ஒன்றும் இல்லை. குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு அரசாங்கம் கொடுக்கிற நிவாரணம் இருக்கிறது. அதற்கு என்னை மட்டும் பார்க்க மாட்டார்கள், வீட்டில் இருக்கிற எல்லாரையும் பார்ப்பார்கள். என் வேலை போனது ஒரு பக்கம், என் வீட்டுக்காரருக்கு வேலை இருக்கிறதா என்பதுதான் அவர்களுக்குக் கேள்வி.

அவர் மேசன். இரண்டு ஆள் வைத்துக்கொண்டு கொந்தராத்துக்கு வேலை எடுப்பவர். எங்கள் பன்வில பக்கம் எல்லாரும் அவரை பாஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். நான்கு மாதமாக பாஸின் சீமெந்து பூசுகிற கரண்டி சாக்குக்குள்ளேயே கிடந்தது. மகள் தினமும் பஸ் ஏறிக் கண்டிக்குப் போய் உயர்தர வகுப்பு படிக்கிறாள். நிவாரணம் வராவிட்டால் அவளை நிறுத்தி ஏதாவது புடவைக் கடையில் நிற்க வைக்க வேண்டியதுதான். அதற்குப் பயந்துதான் விண்ணப்பம் போட்டேன்.

ஒருநாள் வத்தேகம டவுனில் வேலை தேடி அலைந்துவிட்டு வந்தால், மனுஷன் சந்தோஷமாக உட்கார்ந்து தேத்தண்ணி குடிக்கிறார்.

"இன்னைக்கு ஒரு பெரிய மனுஷன், மாத்தையா ஒருத்தர் வந்தாரு. வேலை எப்படிப் போகுதுன்னு கேட்டாரு."

"என்ன சொன்னீங்க?"

"மூணு வேலை கையில இருக்கு, மூச்சு விட நேரமில்லைன்னேன். வீடு கட்டப் போறவரு போல."

"வேற என்ன கேட்டாரு?"

"வீட்டுல எத்தனை பேருன்னு கேட்டாரு."

"வீடு கட்டுறவனுக்கு அது எதுக்கு?"

கோப்பையைக் கீழே வைத்தார். "சும்மா பேச்சுக்குக் கேக்குறாருன்னு நெனச்சேன்."

வந்தவர் என் விண்ணப்பத்தை விசாரிக்க வந்த ஆபீஸ்காரர் என்று எனக்கு விளங்கிவிட்டது. தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. ஆனால் அவர் தொழிலில் எல்லாரும் இப்படித்தான். வேலை இல்லை என்று சொல்கிற பாஸுக்கு யாரும் வேலை கொடுக்க மாட்டார்கள். கெட்டிக்காரன் என்றால் ஏன் சும்மா இருக்கிறான் என்று கேட்பார்கள். அதனால் சும்மா இருக்கிற நாளிலும் சீமெந்து ஒட்டிய சட்டையைப் போட்டுக்கொண்டுதான் ரோட்டுச் சந்திக்குப் போவார். கேட்டவர்களிடமெல்லாம் அடுத்த மாதம் பார்க்கலாம் என்பார். அது பொய் என்று அவருக்கே மறந்துபோயிருக்கும்.

விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. மேன்முறையீடு செய்தேன். வீட்டுக்காரரை நேரில் கூட்டி வரச் சொன்னார்கள்.

"நாலு பேருக்கு முன்னால வேலை இல்லைன்னு சொன்னா என் பேரு என்னாகும்?" என்றார்.

"பேரை அரிஞ்சு குழம்பு வச்சுத் தாறேன், தின்னுங்க" என்றேன்.

வந்தார். சீமெந்து ஒட்டாத சட்டை போட்டுக்கொண்டு, கல்யாணத்துக்குப் போகிறவர் மாதிரி வந்தார்.

பிரதேச செயலகத்தில் எல்லாம் ஒரே மண்டபம். நிவாரண மேசைக்குப் பக்கத்திலேயே வாகன வரிப் பத்திரம் எடுக்கிறவர்களின் வரிசை. மேசையில் இருந்த பெண் தமிழ் நன்றாகப் பேசினார். நான் எட்டி அவர் முன்னால் இருந்த விண்ணப்ப ஃபோமைப் பார்த்தேன். ஒரு மனிதனை எத்தனை கட்டத்துக்குள் அடைக்கிறார்கள் என்று பார்க்க எனக்கு ஆசை. மாத வருமானம் என்று ஒரு கட்டம் இருந்தது.

"எந்த மாசத்தை எழுதுவீங்க மிஸ்?" என்று கேட்டேன். "இவருக்கு ஒரு மாசம் மாதிரி இன்னொரு மாசம் இருக்காதே."

அந்த மிஸ் என் வீட்டுக்காரரைப் பார்த்து, "மூன்று வேலை இருக்கிறது என்று சொல்லியிருக்கிறீங்களே?" என்றார்.

இவர் தன் கைகளைப் பார்த்தார். சொல்வாரா மாட்டாரா என்று எனக்கே தெரியவில்லை.

"பொய் மிஸ். நாலு மாசமா ஒரு வேலையும் இல்ல."

வாகன வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. எங்கள் சந்தியில் கோழிக்கடை வைத்திருக்கிற முஸ்லிம் நானா. "என்ன பாஸ், எனக்கு அடுத்த மாசம்தான் ஏலும் என்டீங்களே. கடைக்குப் பின்னால மதில் சரிஞ்சுகொண்டு வருது. சும்மாதான் இருக்கிற என்டால் நாளைக்கே வாங்களேன்."

இவர் தலையாட்டினார். முகத்தில் வெட்கமா சந்தோஷமா, சொல்ல முடியவில்லை. அந்தப் பெண் பேனையைக் கீழே வைத்தார்.

"இப்ப வேலை கிடைச்சிட்டுதே. நான் என்ன எழுதுறது?"

நான் நானாவிடம் திரும்பினேன். "எத்தனை நாள் வேலை அது?"

"ஒரு கிழமை, ஏழு நாள் போகும்."

"ஒரு கிழமைன்னு எழுதுங்க மிஸ். அதுக்குப் பிறகு என்னன்னு உங்க ஃபோம்ல கேள்வி இருக்கா?"

அவர் ஃபோமைப் புரட்டிப் பார்த்தார். உண்மையிலேயே தேடினார். அப்படி ஒரு கேள்வி இல்லை. கடைசியில் ஓரத்தில் சிங்களத்தில் இரண்டு வரி எழுதினார். என்ன என்று கேட்டேன். "நிரந்தர வேலை இல்லை, நேரில் விசாரித்தேன்" என்றார்.

இரண்டு மாதம் கழித்து நிவாரணம் வந்தது. மகள் பஸ்ஸில் போய்க்கொண்டிருக்கிறாள். கட்டங்களைப் பார்த்துத் தந்தார்களா, ஓரத்து இரண்டு வரியைப் பார்த்துத் தந்தார்களா என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். கேட்டால் சொல்ல அங்கே ஆள் இல்லை.

போன கிழமை வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். நான் உள்ளே இருந்து காது கொடுத்தேன். வீட்டுக்காரர் கதவை முழுசாகத் திறக்காமல் கேட்கிறார்: "முதல்ல சொல்லுங்க, நீங்க ஆபீஸா, வீடு கட்டுறவரா?"

வந்தவர் பாவம், கரண்ட் மீட்டர் பார்க்க வந்தவர்.