சீல் வைத்த கறுப்பு மணல்

தோரியம் ஆய்வுக்குழுவில் இருக்கும் என் மகள், அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டிய மணல் பையைத் தங்கச்சிமடம் வாடகை வீட்டில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனாள். தோரியத்தில் கதிர்வீச்சு உண்டு என்று கேள்விப்பட்டிருந்தேன்; அந்தச் சொல்லே எனக்குப் பயம். சீல் வைத்த பையைக் கிழித்து, மணலைப் பக்கத்துக் கடலில் கொட்டினேன். கறுப்பு மணல் கண்மை போல் அலையில் விரிந்து, மினுங்கி, மறைந்தது. கனவில் நிற்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“அம்மா, பை எங்க?”

“கடல்ல கொட்டிட்டேன்டி. உன் உடம்புக்கு ஆகாதுல்ல?”

“ஐயோ! நேத்து நீ கால் நனைச்சியே, அங்கன அள்ளுன மண்ணுதாம்மா அது. எடை போட்டு சீல் வெச்சது, ஒரு பிடி குறைஞ்சாலும் வேலை போயிரும்!”

அழுதபடியே அதிகாரியை அழைத்தாள். “சார், பையை நான்தான் தொலைச்சுட்டேன்.”

வேலை போகவில்லை. எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அதில் என் பயத்துக்கு அவள் பெயரைப் போட்டிருக்கிறார்கள். அதை இன்னும் என்னால் முழுதாகப் படிக்க முடியவில்லை.