மிஷினை நிறுத்திய அம்மா

தி.நகர் தையல் கடையில் மகளின் சுடிதாருக்காகக் காத்திருந்தோம். பெங்களூர் காலேஜ் வேண்டாம் என்று காலையில் நான் சொன்னதிலிருந்து அவள் என்னோடு பேசவில்லை. உள்ளே ஒரு மிஷின் கடகடவென்று ஓடியது. சின்ன வயதில் மயிலாப்பூர் வீட்டில் கேட்ட, அம்மா ஜாக்கெட் தைக்கும் அதே சத்தம்.

அப்பா கத்தும்போதெல்லாம் அம்மா பதில் பேசாமல் மிஷினை வேகமாக மிதிப்பாள். மிஷின் எண்ணெய் வாசனை அடிக்கும் அந்தச் சின்ன அறையே அதிரும். கத்தினால்தான் வீட்டில் காரியம் நடக்கும் என்று என் மனதில் பதிந்துபோயிருந்தது. ஒன்பதாவது படிக்கும்போது, கபடி டீமோடு திருச்சிக்குப் போக அம்மா விடவில்லை. அப்பாவைப் போலவே நானும் கத்தினேன். அன்று மிஷின் நின்றது.

"உங்கப்பாகிட்டதான் பேச முடியல. உன்கிட்டயாவது பேசலாம்னு பாக்குறேன். எனக்குப் பயமா கீதுடி" என்றாள் அம்மா.

அம்மாவுக்குப் பயம் வரும் என்பதே எனக்குப் புதிது. மறுபடியும் கத்த வந்த நான், "இன்னா பயம்மா?" என்று கேட்டேன்.

"அங்க உனக்குக் காய்ச்சல் வந்தா யாரு பாத்துப்பாங்க?"

மறுநாள் விளையாட்டு டீச்சரை வீட்டுக்கு அழைத்து வந்தேன். அம்மா அவரிடம் வெகுநேரம் பேசிவிட்டு என்னை அனுப்பிவைத்தாள். முதல் ஆட்டத்திலேயே தோற்றுத் திரும்பினோம். அதற்குப் பிறகும் அம்மாவோடு சண்டை போட்டிருக்கிறேன், கத்தியதில்லை.

கடையில் மகள் இன்னும் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்த காலேஜ்ல உனக்கு அப்படி என்ன பிடிச்சிருக்கு?" என்றேன்.

நிஜமாகத்தான் கேட்கிறேனா என்று என் முகத்தைப் பார்த்தாள். பிறகு போனைப் பைக்குள் போட்டுவிட்டுச் சொல்ல ஆரம்பித்தாள்.