மூடியில் இருந்த ஓட்டை

எங்கள் மாப்பிள்ளையைத் தெருவில் ஒட்டுக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். மெத்தைக் கடைக்குச் சரக்கு ஏற்றி இறக்கத் தன் வேனை ஓட்டுவதுதான் அவருக்குத் தொழில். ஆனால் எங்கே எது ஒழுகினாலும் அவர் கை சும்மா இருக்காது. வாளியின் அடியில் ஓட்டை விழுந்தால் அடைப்பார், குழாய் சொட்டினால் அடைப்பார், வானம் கறுத்தாலே கூரைமேல் ஏறிவிடுவார். என் மகளைக் கட்டிக்கொடுத்துப் பதினான்கு வருஷம் ஆகிறது. அந்த வீட்டில் ஒட்டுப்போடாத வாளி ஒன்றை நான் கண்டதில்லை. அதைச் சொல்லிச் சண்டையும் போட்டிருக்கிறேன். போட்டது தப்பென்று இன்றும் சொல்ல மாட்டேன். ஆனாலும் மனுஷன் தங்கம்.

மகளுக்கு இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போய் மூன்று வருஷம். செவ்வாய், வியாழன், சனி என்று வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். ஆஸ்பத்திரி நாற்பது கிலோமீட்டர். அவளால் அவ்வளவு தூரம் உட்கார்ந்து வர முடியாது. மாப்பிள்ளை வேனின் பின்சீட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, ஒரு மெத்தையைப் போட்டு, மூன்று வருஷமும் ஒரு நாள் தவறாமல் கூட்டிப்போனார். அந்த வேனுக்கு வயது இருபத்தேழு.

அந்தச் செவ்வாய்க்கிழமை பாதி வழியில் ஒரு கல் அடியில் இடித்தது. துருப்பிடித்திருந்த பெட்ரோல் டேங்க் மடிப்போடு கிழிந்துவிட்டது. மாப்பிள்ளை குளியல் சோப்பைத் தேய்த்துத் தேய்த்துக் கிழிசலை மூடி, எப்படியோ வீடுவரை கொண்டுவந்து சேர்த்தார். அன்றைய டயாலிசிஸ் போயிற்று. நர்ஸ் போனில், "வியாழக்கிழமையும் விட்டுடாதீங்க. உடம்புல சேர்ற தண்ணி நெஞ்சுல ஏறிடும்" என்றாள்.

வேறு வண்டி கிடைக்கவில்லையா என்றால், கேட்காமலா இருந்தோம்? எதிர்வீட்டுக் கார்க்காரர் வெளியூர் போயிருந்தார். ஆம்புலன்ஸ்காரன், "பேஷண்ட் பேசுறாங்களா? அப்ப அவசரக் கேஸ் முடிஞ்சுதான் வருவோம்" என்றான். பேசுவது ஒரு குற்றம்!

புதன்கிழமை காலையில், வண்டிகளுக்குத் தகர வேலை பார்க்கும் டிங்கர் வந்தான். வேனுக்கடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்தான்.

"வெல்டிங்கா? அண்ணே, நெருப்பக் காட்டினா வண்டி ஒரு பக்கம் போகும், நான் ஒரு பக்கம் போவேன். என் பொண்டாட்டி அடுத்த வாரமே வேற ஆளப் பாத்துக்குவா."

"தண்ணிய ரொப்பி வச்சு அடிக்கலாம்னு சொல்றாங்களேப்பா?"

"சொல்றவங்களக் கூட்டிட்டு வாங்க, அவங்க கையிலயே வெல்டிங் ராடக் குடுக்கிறேன். அதுவுமில்லாம இங்க பாருங்க." ஸ்க்ரூடிரைவரால் லேசாகத்தான் குத்தினான். அது உள்ளே போய்விட்டது. "தகரமா இது? நனஞ்ச காகிதம். மாத்தித்தான் ஆகணும்."

அந்த மாடல் வருவது நின்று வெகுகாலம் ஆகிறது. அவனும் மாப்பிள்ளையும் பழைய இரும்புக் கடை கடையாக ஏறி இறங்கி, வேறொரு வேனின் டேங்கைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அது நான்கு விரற்கடை நீளம் கூடுதல். பிடிக்கும் பட்டை எட்டவில்லை. டிங்கர் இரும்புப்பட்டை வெட்டித் துளைபோட்டு, நடுவில் டயர் ரப்பரை வைத்து இறுக்கினான். வேலை முடித்து அவன் கிளம்பும்போது நாலு மணி.

மாப்பிள்ளைக்கு மனசு ஆறவில்லை. ஒழுகுகிறதா என்று பார்க்க விளிம்புவரை பெட்ரோல் ஊற்றி, கையால் தடவித் தடவிப் பார்த்தார். நானும் குனிந்து பார்த்தேன். என் கண்ணில்தான் பட்டது.

"மாப்பிள்ளை, இதோ பாருங்க. மூடி நடுவுல ஊசி நுழையற மாதிரி ஓட்டை. ஈரமா வேற இருக்கு."

"அது அப்படித்தான் இருக்குமோ என்னவோ அத்தை. டிங்கர் ஒண்ணும் சொல்லலயே."

"அவன் பாத்திருக்க மாட்டான். ஒழுகுற வண்டியிலயா எம்பொண்ணப் படுக்க வைக்கப் போறீங்க?"

அவர் உடனே மூடியைத் துடைத்துக் காயவைத்து, சேர்த்தால் கல்லாக இறுகும் இரண்டு பசையைப் பிசைந்து அந்த ஓட்டையை அடைத்தார். கச்சிதமாக அடைத்தார்.

வியாழக்கிழமை ஆறு மணிக்குக் கிளம்பினோம். ஆஸ்பத்திரியில் எட்டு மணிக்குப் படுக்கை. மகளுக்கு முகமெல்லாம் ஊதி, கண் இரண்டும் கோடாகிவிட்டது. எட்டாவது கிலோமீட்டரில் வண்டி இருமியது. நின்றது. கொஞ்ச நேரம் விட்டு முடுக்கினால் ஓடியது. இரண்டு கிலோமீட்டர் போய் மறுபடி நின்றது. மாப்பிள்ளை பில்டரைக் கழற்றி உதறினார். பெட்ரோல் பைப்பை வாயில் வைத்து ஊதினார், வாயெல்லாம் பெட்ரோல். துப்பிவிட்டு மறுபடி ஊதினார். டிங்கருக்குப் போன் போட்டால் எடுக்கவில்லை. ஐந்தாவது தடவை நின்றபோது மணி எட்டேமுக்கால். பாதி தூரம்கூடத் தாண்டவில்லை.

"என்னங்க, திரும்பி வீட்டுக்கே போயிடலாம்" என்றாள் மகள்.

"நீ வாய மூடிட்டு மூச்சு விடு."

"வாய மூடிட்டு எப்படிங்க விடறது?" என்று சிரிக்கப் போய் இருமல் பிடித்துக்கொண்டது. உதடு நீலம் பாரித்துவிட்டது. மாப்பிள்ளை ரோட்டில் இறங்கி, போகிற வண்டிகளுக்கெல்லாம் இரண்டு கையையும் ஆட்டினார். ஒருவனும் நிற்கவில்லை. ஆம்புலன்ஸ் வர ஒரு மணி நேரம் ஆகும் என்றார்கள். கடைசியில் டயர்மேல் நெற்றியை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். அந்த மனுஷனை அப்படி நான் பார்த்ததே இல்லை.

அப்போதுதான் டிங்கர் திரும்பக் கூப்பிட்டான். மாப்பிள்ளை ஸ்பீக்கரில் போட்டார். விஷயத்தைக் கேட்டவுடன், "டேங்க் மூடியத் திறங்க" என்றான்.

திறந்தார். உஸ்ஸென்று டேங்க் காற்றை இழுத்த சத்தம் உள்ளே இருந்த எனக்கே கேட்டது.

"அந்த ஓட்டைய எந்தப் புத்திசாலி அடச்சது? பெட்ரோல் கீழ இறங்க இறங்க அந்த எடத்துக்குக் காத்து உள்ள போக வேண்டாமாண்ணே? அதுக்கு வச்சதுய்யா அது!"

மாப்பிள்ளை என்னை நிமிர்ந்து பார்த்தார். "நாந்தாம்ப்பா" என்றார்.

மூடிக்குப் பதில் துணியைத் தளர்வாகச் சுற்றிக்கொண்டு ஓட்டினோம். ஆஸ்பத்திரியில் படுக்கையை வேறொருத்திக்குக் கொடுத்துவிட்டார்கள். நர்ஸ் மகளின் முகத்தைப் பார்த்துத் திட்டுவதைப் பாதியில் நிறுத்தினாள். ஆக்சிஜன் வைத்தார்கள். ஒரு மணிக்குத்தான் ஒரு மிஷின் ஒழிந்தது.

"ரெண்டு மணி நேரம்தான் தர முடியும். பாதித் தண்ணிதான் எடுப்போம்" என்றாள் நர்ஸ்.

"மீதி?" என்றார் மாப்பிள்ளை.

"சனிக்கிழமை வரைக்கும் தாங்கணும். தலையணைய உசத்தி வச்சுப் படுக்க வைங்க. ஒரு வாய் தண்ணிகூட அதிகம் குடுக்காதீங்க."

வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம். அவர்மேல் பெட்ரோல் வாடை. நான் சொல்லிவிட்டேன்: "மாப்பிள்ளை, ஓட்டையக் காட்டினது நான்."

"அடச்சது நான்தானே அத்தை." கண்ணாடி வழியே உள்ளே அவளை எட்டிப் பார்த்தார். "சனிக்கிழமை ஆறு மணிக்குக் கிளம்பினாப் போதும்ல?"

"அஞ்சு."

"எதுக்கு அத்தை? வண்டிதான் சரியாயிடுச்சே."

"அஞ்சுன்னா அஞ்சு."

சரி என்று தலையாட்டினார். உள்ளே மிஷின் சுற்றிக்கொண்டிருந்தது. இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது.