ராகு காலம் மறந்த ஸ்டாப்பர்

இருபத்து நான்கு வயதில் எனக்கு ரிட்டயர்மெண்ட் ஆகிவிட்டது. எங்கள் தெருவில் எனக்கு முன்னால் ரிட்டயர் ஆனவர் ஒருவர்தான், கரண்ட் ஆபீஸில் இருந்தவர். அவருக்கு மாலை, சால்வை, வீடு வரைக்கும் வேன். நான் வாட்ஸப்பில் ஒரு ஸ்டேட்டஸ் போட்டேன்: ‘உடல்நலம் கருதி கால்பந்தாட்டத்திலிருந்து ஓய்வு பெறுகிறேன்.’ நிறையப் பேர் பார்த்தார்கள். ஒருத்தன் மட்டும் பதில் அனுப்பினான்.

“சரி ப்ரோ. ஞாயித்துக்கெளம மேட்ச்சுக்கு வந்துருவேல்ல?”

நான் ஸ்டாப்பர். கோல்கீப்பருக்கு முன்னால் நின்றுகொண்டு, உயரத்தில் வருகிற பந்தையெல்லாம் தலையால் திருப்பி அனுப்புவது என் வேலை. கல்லூரியில் எனக்கு சீட் கிடைத்ததே தலையால்தான். தலையின் வெளிப்பக்கத்தால். பி.காம் முடித்ததும் மலப்புறம் பக்கம் ஒரு செவன்ஸ் டீமில் எடுத்தார்கள். செவன்ஸ் என்றால் டீமுக்கு ஏழு பேர், சின்ன கிரவுண்டு, சுற்றிலும் மூங்கில் கேலரி, ஒவ்வொரு மேட்சுக்கும் சம்பளம். டிசம்பர் கடைசியில் பஸ் ஏறினால் மே மாதம்தான் திரும்புவேன். மீதி மாதங்களில் திருத்தங்கலில் ஒரு பிரஸ்ஸில் காலண்டர் புரூஃப் பார்ப்பேன். இன்ஸ்டா பயோவில் ‘புரொபஷனல் ஃபுட்பாலர்’ என்று போட்டிருந்தேன். காலண்டரைப் பற்றிப் போடவில்லை.

முதல் அடி போன பிப்ரவரியில். ஒரே பந்துக்கு நானும் எதிர் டீம் ஃபார்வர்டும் எம்பினோம். பந்து எங்கள் இருவருக்கும் கிடைக்கவில்லை, தலைகள் கிடைத்தன. ரெஃப்ரி இரண்டு விரலைக் காட்டினார், இரண்டு என்றேன், ஆட்டம் தொடர்ந்தது. மறுநாள் லீவில் ஊருக்கு வந்தேன். ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, அம்மாவுக்குப் பால்கோவா வாங்கிக்கொண்டு, மறுபடியும் தென்காசி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். ராஜபாளையம் வந்த பிறகுதான், வந்த வழியிலேயே திரும்பிப் போய்க்கொண்டிருக்கிறேன் என்பது உறைத்தது. வீட்டில் தூங்கிவிட்டேன் என்று சொன்னேன்.

இரண்டாவது அடி ஏப்ரலில். அந்த மேட்சில் நான் தலையால் ஒரு கோல் போட்டேனாம். வீடியோ இருக்கிறது. அதில் என்னைப் போலவே ஒருத்தன் பந்தோடு கோல் போஸ்டிலும் முட்டுகிறான், எழுந்து ஓடுகிறான், சட்டையைக் கழற்றிச் சுற்றுகிறான். நல்ல கோல். லைக் போட்டேன். மற்றபடி எனக்கும் அதற்கும் சம்பந்தம் இருப்பதாக ஞாபகம் இல்லை.

இதையும் யாரிடமும் சொல்லவில்லை. எங்கள் ஊரில் தலைவலி என்று சொன்னால் மாத்திரை தருவார்கள். வெளிச்சத்தைப் பார்த்தால் கண் கூசுகிறது என்றால் ஃபோனைக் குறை என்பார்கள். அம்மாவுக்கு நாரணாபுரத்தில் ஒரு பட்டாசு கம்பெனியில் திரி வைக்கிற வேலை. காலையில், தீப்பொறிக்குப் பயந்து, ஃபோனை வீட்டிலேயே வைத்துவிட்டு, சேலை காட்டன்தானா என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டு கம்பெனி வேனில் ஏறுகிற ஆள். அவளிடம் போய், பந்து பட்டுத் தலை வலிக்கிறது என்று எப்படிச் சொல்வது? கூச்சமாக இருந்தது.

ஆயுத பூஜைக்கு முன்னால் பிரஸ் டீம்களுக்கும் பட்டாசு கம்பெனி டீம்களுக்கும் ஒரு டோர்னமெண்ட் நடக்கும். எங்கள் பிரஸ் டீமுக்கு கேப்டன் மெஷின்மேன் அண்ணன். நாற்பதைத் தாண்டியவர். வேலை நேரத்தில் நான்கு கலர் மெஷினை ஓட்டுவார், மற்ற நேரத்தில் என்னை. செமி ஃபைனலில் ஒரு முழங்கை என் நெற்றிப்பொட்டில் பட்டது. ஜெயித்துவிட்டோம். இரண்டு நாள் கழித்து, ஒரு ஜவுளிக்கடையின் மாதக் காலண்டர் புரூஃபைப் பார்த்து ஓ.கே. என்று கையெழுத்துப் போட்டேன்.

மறுநாள் மதியம் அண்ணன் மெஷினை நிறுத்திவிட்டு, மை காயாத ஷீட் ஒன்றைக் கொண்டுவந்து என் மேஜையில் விரித்தார்.

“ஏலே, இங்கன என்ன இருக்கு பாரு.”

பார்த்தேன். லட்சுமி படம் சரியாக இருந்தது. கடைப் பெயர் சரி. ஃபோன் நம்பர் சரி.

“நல்லா இருக்குண்ணே.”

“கட்டத்தப் பாரு.”

கீழே ராகு காலக் கட்டம். பார்த்தேன். கிழமைகள் ஏழும் இருந்தன.

“நல்லாத்தான இருக்கு?”

அண்ணன் ஷீட்டை மடித்தார். “அதப் பாக்காத. எம் மூஞ்சியப் பாரு. புதன்கெளம ராகு காலம் எப்போ?”

சிவகாசிப் பக்கம் புரூஃப் பார்க்கிறவனிடம் கேட்கிற கேள்வியே இல்லை இது. சொந்த ஃபோன் நம்பருக்கு யோசிப்போம், இதற்கு யோசிக்க மாட்டோம். தினமும் முப்பது, நாற்பது கட்டம் பார்க்கிறவன் நான். வாயைத் திறந்தேன். பதில் இருக்கிற இடம் தெரிந்தது, அங்கே போனால் யாரும் இல்லை.

“ஒன்றரை... மூணு?”

“அது வியாழன்.”

புதனுக்கு வியாழக்கிழமை நேரமும், வியாழனுக்குப் புதன்கிழமை நேரமும் அச்சாகியிருந்தன. பன்னிரண்டு மாதத்துக்கும் அதே கட்டம். அந்த ஜவுளிக்கடையில் சேலை எடுத்த குடும்பமெல்லாம் ஒரு வருடம் முழுக்க ராகு காலத்தில் நல்ல காரியம் செய்திருக்கும்.

“போன வருசம் நாமக்கல் பார்ட்டிக்கு எமகண்டத்துல ஒத்தப் புள்ளி விட்டுப்போச்சுன்னு மெஷின நிறுத்துனவன் நீ,” என்றார் அண்ணன். “என்னலே ஆச்சு ஒனக்கு?”

அப்போதுதான் சொன்னேன். தென்காசி பஸ், வீடியோ கோல், முழங்கை, எல்லாவற்றையும். அண்ணன் கேட்டுக்கொண்டே விரலில் இருந்த மையைத் துணியில் துடைத்தார்.

“மொதலாளிகிட்ட நான் பேசிக்கிடுறேன். வேற பிளேட் போட்டுருவோம். நீ மொதல்ல ஒரு டாக்டரப் பாரு.”

மதுரைக்குப் போய்ப் பார்த்தேன். டாக்டர் ஸ்கேனை லைட்டில் வைத்து, சுத்தமாக இருக்கிறது என்றார். எனக்குச் சந்தோஷம்.

“அப்ப ஆடலாமா சார்?”

“ஸ்கேன்ல தெரியற அளவுக்கு இன்னும் போகல, அவ்வளவுதான். மூணு தடவ அடி வாங்கிருக்கீங்க. நாலாவது பட்டா என்ன ஆகும்னு என்னால சொல்ல முடியாது. உங்களாலயும் வந்து சொல்ல முடியாம போகலாம்.”

“இந்த சீசன் மட்டும் நிறுத்தணுமா, இல்ல...”

“பந்து தலைக்கு வர்ற எந்த சீசனும் வேணாம்.”

அண்ணனிடம் அப்படியே சொன்னேன். அவர் நன்றாக யோசித்தார். ஞாயிற்றுக்கிழமை ஃபைனல்.

“ஞாயிறு ராகு காலம் நாலரை ஆறு,” என்றார். “நாம மூணரைக்கே ஆரம்பிக்கச் சொல்லுவோம். நீ சும்மா வந்து நில்லு. ஒன்னயப் பாத்தாலே அவனுக தூக்கி அடிக்க மாட்டானுக. தலைய மட்டும் வீட்ல வச்சுட்டு வா.”

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. அந்த வாரம் எனக்கு எதெல்லாம் நியாயமாகப் பட்டது என்பதை வைத்தே என் தலையின் நிலைமையைக் கணக்குப் போட்டிருக்கலாம்.

ஃபைனல், நாரணாபுரத்துப் பட்டாசு கம்பெனி டீமோடு. எங்கள் ஊரில் கோல் விழுந்தால் யாரும் வெடி போட மாட்டார்கள். லீவு நாளில் எவன் வேலையை ஞாபகப்படுத்துவான்? விசில்தான். ஆட்டம் முடியப் போகிற நேரம் வரைக்கும் ஒரு விசிலும் கேட்கவில்லை. அண்ணன் சொன்ன மாதிரியே அவர்கள் பந்தைத் தரையோடு உருட்டினார்கள். கடைசியில் அவர்களுக்கு ஒரு கார்னர் கிடைத்தது.

பந்து எனக்கென்றே வந்தது. அதைவிட லேசான பந்து ஸ்டாப்பருக்கு வராது. எம்பக்கூட வேண்டாம், நின்ற இடத்திலேயே நெற்றியைக் கொடுத்தால் போதும். கழுத்து தானாகப் பின்னால் போய்த் தயாரானது. அந்த நேரத்தில் எனக்கு டாக்டர் ஞாபகம் வரவில்லை, அம்மா ஞாபகம் வரவில்லை. புதன்கிழமை ராகு காலம் என்ன என்று மட்டும் மனசுக்குள் கேட்டுப் பார்த்தேன். அண்ணன் நாலு நாளாகச் சொல்லிக் கொடுத்திருந்தார். வரவில்லை.

நகர்ந்துவிட்டேன். ஒரே ஒரு எட்டு, இடப்பக்கம். என் பின்னால் நின்ற அவர்கள் ஆள் தலையைக் கொடுத்தான். கோல். விசில்.

எங்கள் டீம் என்னை என்ன சொன்னது என்பதை இங்கே எழுத முடியாது. அண்ணன் மட்டும் கோல் போஸ்டுக்குள் போய்ப் பந்தை எடுத்துக்கொண்டு நடு கிரவுண்டுக்கு நடந்தார். அவர் அங்கே போய்ச் சேருவதற்குள் ரெஃப்ரி ஊதிவிட்டார்.

அன்று சாயங்காலம் அம்மாவிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். அவளுக்கு அதற்கு முன்பே வேறு வழியாக விஷயம் வந்திருந்தது. ஜெயித்தது அவள் கம்பெனி டீம்.

“பந்து வரவும் பயந்து ஒதுங்கிட்டியாம்ல. வேன் டிரைவர் சொல்லிச் சிரிக்காரு.”

“ஆமா.”

“ஒதுங்காட்டி மண்டையில பட்டிருக்கும், அப்படித்தான?”

“ஆமா.”

“அப்புறம் எதுக்கு அந்தாளு சிரிக்காரு? எங்க ரூமுல டப்புன்னு ஒரு சத்தம் வந்தா திரும்பிக்கூடப் பாக்காம வெளிய ஓடுவோம். ஒருத்தரும் சிரிச்சதில்ல.”

“கார்னர் கிக்கு வெடிக்காதும்மா.”

“ஒனக்குள்ளதான மூணு தடவ வெடிச்சிருக்கு,” என்று சொல்லிவிட்டுத் தோசையைத் திருப்பினாள். “ஏன்லே, பிப்ரவரியிலயே சொல்றதுக்கென்ன? அந்தப் பால்கோவாவ நான் கம்பெனி பூராவும் குடுத்தேன்.”

தோசை சாப்பிட்ட கையோடு அந்த ஸ்டேட்டஸைப் போட்டேன். மறுநாள் மலப்புறம் மேனேஜர் ஃபோன் செய்தார். மலையாளம் பாதி, தமிழ் பாதி.

“மோனே, ரிட்டயரோ? கல்யாணம் ஆயோ?”

“இல்ல சேட்டா. தலை.”

“தலைக்கு எந்தா?”

“புதன்கிழமை ராகு காலம் மறந்து போச்சு.”



“நீ வேற டீமில் சைன் செய்தோ?”

இல்லை என்று மூன்று தடவை சொன்னேன். என் ஜெர்சி நம்பரை இரண்டு வாரம் யாருக்கும் கொடுக்காமல் வைத்திருப்பதாகச் சொன்னார். பிறகு கொடுத்துவிட்டார். யாருக்கென்று பார்க்கவில்லை.

புதன்கிழமை ராகு காலம் தீபாவளிக்கு அப்புறம் ஒருநாள் தானாகத் திரும்பி வந்தது, பல் விளக்கும்போது. பன்னிரண்டு டு ஒன்றரை. அம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னேன். “இது யாருக்குத் தெரியாது?” என்றாள். இந்த வருடம் டிசம்பர் கடைசியில் பஸ் ஏறவில்லை. இப்போது காலண்டர் கட்டங்களை இரண்டு தடவை பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுகிறேன்.

பிரஸ் டீமுக்கு ஸ்டாப்பர் இல்லை. வேறு ஆள் கிடைக்கிற வரைக்கும் என்று சொல்லி, ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணனே அங்கே நிற்கிறார். என்னைவிட அரையடி குட்டை, அதனால் எல்லாப் பந்துக்கும் எம்ப வேண்டியிருக்கிறது. டாக்டர் சொன்னதை அவரிடம் இரண்டாவது தடவையும் சொல்லிப் பார்த்தேன். “அது ஒன் தலைக்குச் சொன்னது,” என்றார்.

அதனால் திங்கட்கிழமை காலையில் மெஷின் ஓடுவதற்கு முன்னால் அவர் எதிரில் போய் நிற்பேன். கிழமையைச் சொல்வேன். மெஷினில் பேப்பரை ஏற்றிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் ராகு காலத்தைப் பட்டுப் பட்டென்று சொல்லுவார்.

போன திங்கள் சனிக்கிழமையைக் கேட்டேன். பேப்பரை ஏற்றினார். தட்டி ஓரத்தைச் சரி பண்ணினார். மறுபடியும் தட்டினார்.

“டீ குடிச்சிட்டு வந்து சொல்லுதேன்லே,” என்றார்.

நான் மெஷின் சுவிட்ச் பக்கத்திலேயே நின்றேன். அவர் சொல்கிற வரைக்கும் போடவில்லை.