அண்ணனுக்கு விட்ட கீழ்வீடு

புதுச்சேரி மூலக்குளத்தில் சொந்த வீடு என்று சொன்னால் உப்பளத்துப் பழைய ஆட்கள் இன்னமும் பொறாமைப்படுகிறார்கள். படட்டும். மாடியில்தான் இருக்கிறோம் என்பதை நான் சொல்லிக்கொள்வதில்லை.

என் அண்ணன் பிரெஞ்சு நேஷனாலிட்டி உள்ள குடும்பத்தில் பெண் எடுத்தவன். அதற்கென்றே பிள்ளை வளர்க்கிறவர்கள் எங்கள் ஊரில் உண்டு. காகிதம் கைக்கு வந்ததும் பிரான்சுக்கு விமானம் ஏறிவிட்டான். சில வருடம் கழித்து, உப்பளத்து வீட்டை விற்றுவிட்டு மூலக்குளத்தில் மனை வாங்கிக் கட்டுவோம், அந்தப் பக்கம் விலை ஏறப்போகிறது, இது நல்ல இன்வெஸ்ட்மென்ட் என்று ஃபோனில் பாடம் எடுத்தான். உப்பளத்து வீடு அம்மாவின் பெயரில் இருந்தது. கேட்ட இடத்தில் கையெழுத்துப் போட்டாள். போதாத பணத்தை அவன் அனுப்பினான்.

யாருக்கு எந்தத் தளம் என்று தீர்த்து வைத்ததும் அம்மாதான்.

“அவ்ளோ தூரத்துலேர்ந்து வர்றவன், வந்த எடத்துல படியேறுவானா? கீழ்வீடு அவனுக்கு இருக்கட்டும். நான் உங்கூட மேல இருந்துக்கிறேன்டி” என்றாள்.

இங்கே வெளிநாட்டுப் பிள்ளை உள்ள வீடுகளில் இதுதான் வழக்கம். நல்ல தளம் வராதவனுக்கு, மிச்சம் இருக்கிறவர்களுக்கு. கீழே பெரிய ஹால், வழவழப்பான தரை, அண்ணி கேட்டபடி குளியல் தொட்டி. மேலே எங்களுக்கு இரண்டு அறையும், மழைக்கு ஒழுகும் ஒரு சமையலறையும். இரண்டு முறை வக்கான்ஸ் என்று லீவுக்கு ஒவ்வொரு மாதம் வந்தார்கள். அந்த நாளெல்லாம் அம்மா கீழேயே கிடந்து மீன் வறுத்துப் போட்டாள். அவர்கள் கிளம்பியதும் சாவியை என்னிடம் கொடுத்து, வாராவாரம் கூட்டித் துடைக்கச் சொன்னாள். துடைத்தேன். யாரும் நடக்காத தரையில் எங்கிருந்துதான் அவ்வளவு தூசி வருமோ.

அப்புறம் அம்மாவின் முட்டி போயிற்று. இனிமேல் படியே ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாடியில் இருப்பவள் படி ஏறாமல் எப்படி வாழ்வது? மேலேயே கிடப்பதுதான் வழி. ஆஸ்பத்திரிக்குப் போகும் நாளில் தெருமுனை ஆட்டோக்காரர்கள் இரண்டு பேர் அவளைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்துத் தூக்கிக்கொண்டு இறங்குவார்கள். பூட்டிய கீழ்வீட்டு வாசலில் நாற்காலியை இறக்கி மூச்சு வாங்கிக்கொள்வார்கள். அம்மா அந்தக் கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள்.

அண்ணனிடம் கேட்டேன். கெஞ்சிக் கேட்கவில்லை, கேட்டேன், அவ்வளவுதான். அம்மாவுக்குக் கீழ்வீட்டை விட்டுக்கொடு என்றேன். யோசித்துச் சொல்கிறேன் என்றான். யோசித்து முடித்ததும் ஒரு ஆளை அனுப்பினான். அந்த ஆள் பூட்டை மாற்றினான், கதவில் எண்களை அழுத்தித் திறக்கிற ஒன்றைப் பொருத்தினான், ஹாலில் மஞ்சள் சுவருக்கு முன்னால் பிரம்பு நாற்காலி போட்டு, நாள் வாடகைக்கு விடும் ஆப்பில் ஏற்றப் படம் எடுத்தான். அதன் பிறகு வெள்ளிக்கிழமை ஆனால் பெங்களூர் வண்டிகள் வந்து நிற்க ஆரம்பித்தன. சும்மா கிடக்கிற வீட்டில் நாலு காசு வரட்டுமே, அம்மா மருந்துக்கும் ஆகும் என்று அண்ணன் சொன்னான். மருந்துக்கு இன்றுவரை ஆகவில்லை.

வருகிறவர்கள் நல்ல பிள்ளைகள்தான். குடிப்பார்கள், பாட்டு வைப்பார்கள், மேலே வந்து “ஆன்ட்டி, ஐஸ் இருக்குமா?” என்று மரியாதையாகக் கேட்பார்கள். கொடுத்து அனுப்புவேன். அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. எவன் எவனோ கால் நீட்டிப் படுக்கிற தரையில் அந்த வீட்டுக்குக் கையெழுத்துப் போட்டவள் ஒரு நாள் படுக்க முடியவில்லையே என்பதுதான் ஆறவில்லை.

ஒரு சனிக்கிழமை அம்மா என்னைக் கூப்பிட்டாள்.

“ஏன்டி, காசு குடுத்தா யாருக்கு வேணா உடுறானா?”

ஆமாம் என்றேன்.

“அப்ப எனக்கு ஒரு ரெண்டு நாளு போட்டுக் குடேன். வாசல்ல ஒக்காந்து தெருவப் பாக்கணும்.”

கிண்டலாகக் கேட்கிறாளோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. நிஜமாகவே கேட்டாள். என் மகள் ஃபோனை எடுத்து, அடுத்த வாரத்தில் கூட்டமில்லாத இரண்டு நாளைத் தேர்ந்தெடுத்து, அம்மாவின் பெயரையே போட்டு ஆதார் அட்டையையும் ஏற்றினாள். நான் பணம் கட்டினேன். பாட்டிக்கு எந்தப் புடவை என்று மகள் கேட்க, அம்மா நீலத்தைச் சொன்னாள். அவள் புடவை பற்றிப் பேசி எத்தனையோ நாளாகிவிட்டிருந்தது.

மறுநாள் காலையில் பதில் வந்தது. பணம் திரும்பி வந்துவிடும் என்றும், புதுச்சேரி முகவரி உள்ளவர்களுக்கு அறை தருவதில்லை என்றும், இது வீட்டு உரிமையாளரின் விதி என்றும் எழுதியிருந்தது.

பொய் சொல்ல நினைத்தேன். வாய் வரவில்லை. வாசித்துக் காட்டினேன். அம்மா சொன்னாள்:

“அதுவும் செரிதான்டி. உள்ளூர்க்காரன உட்டா வீட்டப் பாழாக்கிடுவான். பாவம், அவன் பாத்துப் பாத்துக் கட்டுன வீடு.”

அண்ணன் மேல் இருந்த கோபம் எனக்குப் பழகிப் போயிருந்தது. அன்றைக்கு அம்மா மேல் வந்ததுதான் பழகவே இல்லை. நீலப் புடவையை மடித்துப் பீரோவுக்குள் வைத்துவிட்டு, அவளுக்குக் கஞ்சி வைக்கப் போனேன்.