தரை இருபத்தாறு பாகை

எங்கள் வீட்டுக்கு வருகிறவர்களிடம் சப்பாத்தை மட்டுமல்ல, காலுறையையும் கழற்றச் சொல்வேன். அப்படி ஒரு திமிர் எனக்கு. "வெறுங்காலோடை நடந்து பாருங்கோ அண்ணை" என்பேன். கொலோனிலிருந்து வந்த நண்பர் கூடத்தில் நாலடி நடந்துவிட்டு, "சூடொண்டும் தெரியேல்லையே" என்றார். "அதுதான் விசயம்!" என்று அவரை நிலவறைக்கு இழுத்துக்கொண்டுபோய் எரிவாயுக் கொதிகலனுக்கு முன்னால் அரை மணித்தியாலம் நிறுத்திவைத்தேன். பாவம், மனிசன் சாப்பிட வந்தவர்.

நான் இங்கே ஜேர்மனியில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஹவுஸ்மைஸ்டர், கட்டடத்தைப் பராமரிக்கிறவன். இருபது வருடமாகக் குழாய்களோடும் கொதிகலன்களோடும் மல்லுக்கட்டியவன். நாங்கள் இந்த வீட்டை வாங்கியபோது, தரைக் கல்லுக்குக் கீழே சுடுதண்ணீர்க் குழாய் ஓடுகிறது என்பதில்தான் எனக்குப் பெரிய புளுகமும் சந்தோசமும். ஆனால் முந்திய சொந்தக்காரன் அதை ஓட்டிய விதத்தைப் பார்த்ததும் பத்திக்கொண்டு வந்தது. கொதிக்கக் கொதிக்கத் தண்ணீரைத் தரைக்குள் அனுப்பியிருக்கிறான். கொதிகலன் ஐந்து நிமிடம் எரியும், நிற்கும், திரும்ப எரியும். ஓர் அறையில் உள்ளங்கால் சுடும், அடுத்த அறையில் பல் கிட்டும்.

நிலச்சூட்டுக்கு அவ்வளவு சூடு தேவையேயில்லை. குறைந்த சூட்டில் நாள் முழுக்க மெல்ல ஓடவேண்டும். தரையைச் சுற்றித் திரும்பிவரும் தண்ணீர் ஆறியிருந்தால்தான், புகையிலுள்ள நீராவி கொதிகலனுக்குள்ளேயே தண்ணீராகித் தன் வெப்பத்தை எங்களுக்கு விட்டுவிட்டுப் போகும். நான் நாளுக்கு ஒரு பாகையாகச் சூட்டைக் குறைத்தேன். நடையின் சுவருக்குள் ஒரு தகரப் பெட்டி உண்டு. ஒவ்வோர் அறைக்கும் போகிற குழாய்க்கு அதில் ஒரு திருகு. காலாகவும் அரையாகவும் அவற்றைத் திருப்பித் திருப்பி எல்லா அறையையும் ஒரே சூட்டுக்குக் கொண்டுவர ஒரு முழுக் குளிர்காலம் எடுத்தது. கொதிகலனின் அடிக்குழாயிலிருந்து அந்த நீராவித் தண்ணீர் சொட்டத் தொடங்கிய அன்று மனைவியைக் கூப்பிட்டு அந்தச் சத்தத்தைக் கேட்கவைத்தேன். "இதைக் கேக்கவோ அடுப்பிலை கறியை விட்டிட்டு வரச்சொன்னனீங்கள்?" என்று ஏசிவிட்டு ஏறிப் போனாள்.

அந்தக் குளிர்காலத்தில்தான் அவள் சொல்லத் தொடங்கினாள். "இஞ்சருங்கோ, எனக்குக் கால் குளிருது."

என்னிடம் சிவப்புப் புள்ளி அடித்துச் சூடு அளக்கிற துவக்குப் போன்ற தெர்மோமீட்டர் ஒன்று இருந்தது. அவள் நின்ற இடத்துக்கு நேரே பிடித்தேன். "இருபத்தாறு. கண்ணாலை பாரும்."

"நீங்கள் தரையைச் சொல்லுறியள். நான் என்ரை காலையெல்லோ சொல்லுறன்."

"தரை இருபத்தாறெண்டால் கால் எப்பிடியப்பா குளிரும்? விசர்க்கதை கதையாதையும்."

அடுத்த குளிர்காலமும் இதே கதைதான். அவள் கூடத்தில் கம்பளத்துக்கு மேல் கம்பளம் விரித்தாள். கம்பளம் சூட்டை அமத்திவிடும் என்று நான் சுருட்டி நிலவறையில் போட்டேன். கம்பளிச் செருப்பு வாங்கிவந்தாள். "நிலச்சூடு இருக்கிற வீட்டிலை செருப்போ? ஆரும் கண்டால் என்னைத்தான் சிரிப்பினம்" என்றேன். ஒரு கிழமை போட்டாள். பிறகு என் முகத்தைப் பார்த்துப் பார்த்து அதையும் விட்டுவிட்டாள். அவளுக்குப் பத்து வருடமாகச் சீனி வருத்தம், நீரிழிவு, இருந்தது. குளிசை போட்டுக்கொண்டுதான் இருந்தாள். மியூனிக்கில் வேலை செய்கிற மகள் தொலைபேசியில் கத்தினாள். "அப்பா, அம்மான்ரை காலைக் காட்டவேணும். டொக்டரிட்டை நேரம் கேட்டு ஒரு டெர்மின் எடுங்கோ." அதற்கு நான் சொன்ன பதிலை நினைத்தால் இன்றைக்கும் என் வாயில் நானே அடிக்கவேண்டும்போல இருக்கிறது. "தரையிலை ஒரு பிழையும் இல்லைப் பிள்ளை. நான் அளந்தனான்" என்றேன்.

ஒரு சனிக்கிழமை காலை அந்தத் தகரப் பெட்டியைத் திறந்து ஒரு குழாயைத் தானாகத் திறந்து பூட்டுகிற, பழுதான மூடியை மாற்றினேன். திருகாணி ஒன்று கைதவறி விழுந்தது. நகத்தளவு நீளம், தட்டைத் தலை, கூரிய முனை. குனிந்து தேடினேன், காணவில்லை. போனால் போகுது என்று வேறொன்றைப் போட்டுப் பூட்டினேன். வீடு முழுக்க வெறுங்காலோடு திரிகிற ஒருத்தி இருக்கிறாள் என்ற நினைப்பே எனக்கு வரவில்லை.

மத்தியானம், மாற்றிய மூடி சரியாக வேலை செய்கிறதா என்று தரையை அளந்துகொண்டு வந்தேன். தெர்மோமீட்டரின் சிவப்புப் புள்ளிக்குப் பக்கத்தில் இன்னொரு சிவப்புப் புள்ளி கிடந்தது. கையை அசைத்தேன், அது அசையவில்லை. குங்குமம் சிந்திவிட்டதாக்கும் என்று நினைத்தேன். நடையில் ஒன்று, கூடத்தில் மூன்று, சாமிப் படத்தடியில் நிறைய. அவள் அங்கே நின்று விளக்கேற்றியிருக்கிறாள். பிறகு குசினி வாசல். உள்ளே அவள் வெந்தயக்குழம்பு தாளித்துக்கொண்டு நின்றாள். வலது பாதத்தைத் தூக்கி அடி எடுத்து வைத்தபோது, பெருவிரலடியில் திருகாணியின் தட்டைத் தலை மினுங்கியது.

"உமக்கு நோகேல்லையோ?"

"எது?" என்றாள்.

நான்தான் பிடுங்கினேன். அப்போதும் அவள் ஐயோ என்று சொல்லவில்லை, என் முகத்தைப் பார்த்துத்தான் பயந்தாள். மருந்து போட்டுக் கட்டினோம். நோகவில்லைத்தானே, திங்கட்கிழமை பார்க்கலாம் என்றேன். திங்கட்கிழமை எனக்கு வேலை. புதன்கிழமை கால் வீங்கிப் புறங்கால் கறுத்துவிட்டது. கட்டை அவிழ்த்தபோது வந்த மணம் இன்னும் என் மூக்கில் நிற்கிறது.

ஆஸ்பத்திரியில் டொக்டர் அவளைக் கண்ணை மூடச் சொன்னார். "காலில் படும்போது சொல்லுங்கள்" என்று நைலோன் நூல் ஒன்றை எடுத்தார். பெருவிரலில் வைத்து அழுத்தினார், நூல் வளைந்தது. நடுவிரலில், உள்ளங்காலில், குதிக்காலில், பிறகு மற்றக் காலிலும் வைத்தார். நான் பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அவள் பரீட்சை எழுதுகிற பிள்ளையைப்போல மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தாள். கடைசியில் கண்ணைத் திறக்காமலே என்னைக் கேட்டாள். "தொடங்கீட்டாரோ?"

சீனி நரம்பைத் தின்றுவிட்டது என்றார் டொக்டர். செத்துக்கொண்டிருக்கிற நரம்பு சூடான தரையில் நின்றாலும் குளிர்கிறது என்றுதான் சொல்லுமாம். கால் குளிர்கிறது என்று எப்போதிருந்து சொல்கிறார் என்று கேட்டார். "இரண்டு குளிர்காலமாக" என்றேன். இதற்கு முன் காலில் புண் ஏதும் வந்ததா என்றார். வந்தது. ஊன்ட்றொப் அம்மன் கோயில் தேரன்று, கொளுத்துகிற வெயிலில் எல்லாரும் தார் ரோட்டில் துள்ளித் துள்ளி நடக்க, இவள் மட்டும் பாற்குடத்தோடு ஆடாமல் அசையாமல் நடந்தாள். சனம் கும்பிட்டது. "அம்மாள் தாங்கிக்கொண்டு போறா" என்றாள் ஒரு அக்கா. வீட்டுக்கு வந்து பார்த்தால் உள்ளங்கால் முழுக்கக் கொப்புளம். அதையும் அருள் என்று நானே நாலு பேருக்குச் சொல்லித் திரிந்தேன். இதை டொய்ச் மொழியில் எப்படிச் சொல்வது? "ஓம், வந்தது" என்பதோடு நிறுத்திக்கொண்டேன்.

முதலில் பெருவிரலை எடுத்தார்கள். பத்து நாளில் மிச்ச நாலையும் எடுத்தார்கள். மகள் வந்து ஆஸ்பத்திரியில் நின்றாள். என்னோடு அவள் கதைத்தது வாகனத்தை எங்கே நிறுத்துவது என்பதை மட்டும்தான்.

இப்போது மனைவி வீட்டுக்குள்ளும் தைத்துக் கொடுத்த சப்பாத்தோடுதான் நடக்கிறாள், டொக்டரின் கட்டளை. சாமிப் படத்துக்கு முன்னால் சப்பாத்தோடு நிற்க மனமில்லாமல் கதிரையில் இருந்தபடி கும்பிடுகிறாள். கொதிகலன் கீழே நல்லபடி ஓடுகிறது. தண்ணீர் சொட்டுகிறது. எல்லா அறையும் ஒரே சூடு. இனி அந்தத் தரையில் அவளுடைய கால் படப்போவதில்லை.

போன ஞாயிறு பின்னேரம் கூடத்தில் இருந்தோம். சப்பாத்தைக் கழற்றிக் காலை முக்காலியில் நீட்டியிருந்தாள். கொஞ்ச நேரம் சொல்லலாமா விடலாமா என்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இஞ்சருங்கோ, ஏசாதையுங்கோ. பெருவிரல் குளிருது."

"எந்தக் கால்?"

"வலது."

வலது காலில் விரலே இல்லை. தெர்மோமீட்டர் மேசையில் கைக்கெட்டுகிற தூரத்தில்தான் கிடந்தது.

"ஓமப்பா, குளிரும்" என்றேன். எழும்பிப்போய்ப் போர்வையைக் கொண்டுவந்து விரல்கள் இருந்த இடத்தைச் சுற்றினேன்.